பத்துக் கஜம்

வெளியூரில் பிழைக்கச் சென்றவர்களுக்குப் புறப்பட்ட நாள் நன்றாக நினைவிருக்கும். திரும்பும் நாள் எதுவென்று மட்டும் தெரியாது. ‘இன்னும் இரண்டே ஆண்டு’ என்று சொல்லிச் சொல்லி இருபது ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! முதலில் மகனின் படிப்பு. பின்னர் மகளின் திருமணம். அதன்பின் வீட்டுக் கடன். அதுவும் தீர்ந்தபின் சேமநிதியில் ஒரு முழுத் தொகை. கணக்கு முடியப்போகும் வேளையில் கணக்கே சற்று நீண்டுவிடுகிறது.

எது போதும், எப்போது போதும் என்னும் இக்கேள்வியைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறோம். இதற்கு நம் நாட்டுப் பெரியோர் எவரையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கப் பந்தாட்டக்காரர் ஒருவரின் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் பாரி சாண்டர்ஸ். பெயரைக் கேட்டதும் அன்பர்களுக்குப் பறம்பு மலை வள்ளல் நினைவுக்கு வரலாம். வள்ளலுக்கும் இவருக்கும் உறவில்லை. ஆயினும் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நடக்கும் குணம் இவரிடமும் இருந்தது.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாமும் மனைவியாரும் மிச்சிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அம்மாநிலத்தின் பெருநகரமாகிய டெட்ராய்ட், மோட்டார் வாகனத் தொழிலின் தாயகம். அத்தொழிலை நம்பிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அந்நகரைச் சுற்றிப் பல உள்ளன. நம் மருமகனும் அவ்வாறு சென்றவரே. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையை அந்நாட்டார் நன்றி நாளாகக் கொண்டாடுவர். அன்று டெட்ராய்ட் லயன்ஸ் என்னும் அணி பந்தாடுவது 1934 முதல் வரும் வழக்கம். உலகப் போரை ஒட்டிய சில ஆண்டுகளே இடையில் விடுபட்டன. பொங்கலுக்குக் கரும்பு எப்படியோ, அவ்வூரார்க்கு நன்றி நாளில் அந்த ஆட்டம் அப்படி.

அன்று பக்கத்து வீட்டு முதியவர் எங்களை உணவுக்கு அழைத்திருந்தார். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகன் நம் காதருகே குனிந்து, “மாமா, அவரிடம் சாண்டர்ஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள்” என்றார். சொன்னோம். முதியவரின் முகம் முதலில் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது. “அவரைப் போல் ஒருவர் இனிப் பிறக்கமாட்டார். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்” என்றார். அவர் சொன்ன நிகழ்ச்சி நடந்து அப்போது இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை காலம் ஆறாத அன்பும் வருத்தமும் எதனால் விளைந்தன என்று அறிய ஆவல் எழுந்தது. நாம் கணக்கெழுதிப் பிழைத்தவர். ஆதலால் அவருடைய எண்களிலிருந்தே தொடங்கினோம்.

அந்த ஆட்டத்தை அறியாதார்க்கு இரண்டு சொல். பெயர் கால்பந்தாயினும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். களத்தின் நீளம் 100 கஜம். அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ‘ரன்னிங் பேக்’ எனப்படும் ஓட்டக்காரர், தம் அணியினர் அமைத்த மனிதச் சுவருக்குப் பின்னால் நின்று, பந்தை வாங்கி, அச்சுவரில் ஏற்படும் இடுக்கின் வழியே பாயவேண்டும்.

நம் சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவன் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பினால் தப்பினான். இங்கே திரும்புதல் என்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் முன்னோக்கியே ஓடவேண்டும். ஓட்டத்தின் முடிவில் இருநூறு, முந்நூறு ராத்தல் எடையுள்ள ஆட்கள் மேலே விழுவார்கள். எழுந்து மீண்டும் ஓடவேண்டும். இவ்வேலையில் நான்கைந்து ஆண்டுகள் நிலைப்பதே அரிது. முழங்கால் போகும், தோள் போகும், அதற்குள் இளையவன் ஒருவன் வந்து நிற்பான்.

சாண்டர்ஸ் 1968-ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் பிறந்தார். உடன் பிறந்தவர்களையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். தந்தையார் கூரை வேய்பவர், தச்சுவேலையும் செய்பவர். பிள்ளைகளும் அவருடன் கூரை மேல் ஏறி வேலை செய்தார்கள். சாண்டர்ஸின் உயரம் 5 அடி 8 அங்குலந்தான். அக்குறை கருதிப் பல கல்லூரிகள் அவரை வேண்டாமென்றன. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. அங்கேயும் இரண்டு ஆண்டுகள் தர்மன் தாமஸ் என்ற புகழ்பெற்ற ஓட்டக்காரருக்கு அடுத்த இடத்தில் காத்திருந்தார். 1988-இல் முதலிடம் கிடைத்தது. அந்த ஒரே பருவத்தில் 2,628 கஜம் ஓடினார். கல்லூரி ஆட்டக்காரர்க்குரிய உயர்ந்த விருதாகிய ஹைஸ்மன் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ஓர் ஆட்டத்துக்காக டோக்கியோவில் இருந்தார். மறு ஆண்டு டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. கூலி வாங்கி ஆடும் வாழ்க்கை தொடங்கியது.

அம்முதல் ஆண்டின் கடைசி ஆட்டத்தில் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்குத் தலைப்பைத் தந்தது. 1989 டிசம்பர் மாதம். அட்லாண்டா அணியுடன் ஆட்டம். டெட்ராய்ட் வெல்வது உறுதியாகிவிட்டது. அவ்வாண்டு நாட்டிலேயே மிகுதியாக ஓடியவர் நைஜீரியாவில் பிறந்த கிறிஸ்டியன் ஒகோயே. அவர் கணக்கு 1,480 கஜம். சாண்டர்ஸின் கணக்கு 1,470. பத்துக் கஜம் ஓடினால் சமம். பதினொன்று ஓடினால் முதல்வர். வந்த முதல் ஆண்டிலேயே முதல்வர் என்னும் பெயர்! பயிற்சியாளர் வெய்ன் ஃபான்டஸ், “உள்ளே போகிறாயா?” என்று கேட்டார். சாண்டர்ஸ் வேண்டாமென்றார். ஆட்டத்தை வென்றாயிற்று, மற்றவர்கள் ஆடட்டும் என்பது அவர் எண்ணம். 1,470 என்ற எண்ணே ஏட்டில் நின்றது, இன்றும் நிற்கிறது.

பள்ளியில் படிக்கும்போதும் இப்படியே ஒருமுறை நடந்தது என்பர். நகரத்துப் பள்ளிகளுக்கிடையே முதலிடம் பெறச் சில கஜங்களே வேண்டியிருந்தபோது, இளைய மாணவர்கள் ஆடட்டும் என்று ஒதுங்கி நின்றாராம்.

முதலிடம் அவரைத் தேடி வராமல் இல்லை. 1990, 1994, 1996, 1997 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவரே முதல்வர். பத்து ஆண்டுகள் ஆடினார். பத்திலும் ஆயிரம் கஜத்துக்கு மேல் ஓடினார். பல ஓட்டங்களில் பின்வாங்கி நஷ்டமும் பட்டார். நேரே மோதி இரண்டு கஜம் பெறுவதைவிட, வளைந்து திரும்பி வழி தேடுவதே அவர் முறை. வழி கிடைக்காதபோது தொடங்கிய இடத்துக்கும் பின்னால் விழுவார். 1994-இல் 1,883 கஜம் ஓடிய அதே மனிதர், அப்பருவத்தின் இறுதிச் சுற்றில் கிரீன் பே அணிக்கு எதிராகப் பதின்மூன்று முறை ஓடிச் சேர்த்தது ஒரு கஜம் நஷ்டம்! வரவும் செலவும் கலந்ததே கணக்கு என்பதை அவரளவு அறிந்தவர் இலர்.

கோட்டைக் கடந்து வெற்றிப் புள்ளி பெறும்போது ஆட்டக்காரர்கள் ஆடிப் பாடுவதும் பந்தைத் தரையில் அறைவதும் அங்கு வழக்கம். சாண்டர்ஸ் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். தம் வேலையைச் செய்தவன் கருவியை உரிய இடத்தில் வைத்துவிட்டுப் போவது போன்ற செயல் அது. கூரை வேயும் தந்தைக்குப் பிறந்தவர் அல்லரோ?

1997-ஆம் ஆண்டே அவர் வாழ்க்கையின் உச்சம். முதல் இரண்டு ஆட்டங்களில் 33, 20 என்று சரிந்தவர், எஞ்சிய பதினான்கு ஆட்டங்களிலும் நூறு கஜத்துக்குக் குறையாமல் ஓடினார். ஒரே பருவத்தில் 2,000 கஜத்தை அதற்குமுன் கடந்தவர் இருவர்தாம். டிசம்பர் 21 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் சாண்டர்ஸ் மூன்றாமவர் ஆனார். 2,053 என்ற எண்ணோடு பருவம் முடிந்தது. ஆனால் அதே ஆட்டத்தில், அதே களத்தில், ரெஜி பிரவுன் என்ற அவருடைய அணித் தோழர் மோதி விழுந்து மூச்சற்றுக் கிடந்தார். வயது இருபத்துமூன்று. மருத்துவர்கள் களத்திலேயே மூச்சு ஊட்டினார்கள். உயிர் பிழைத்தார், பின்னர் நடக்கவும் செய்தார், மீண்டும் ஆடவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1991-இல், மைக் அட்லி என்ற தோழர் களத்தில் விழுந்து மார்புக்குக் கீழ் உணர்விழந்தார். சாதனை எண் ஒன்றைப் பலகையில் எழுதும் அதே வேளையில் பக்கத்தில் ஒருவன் மூச்சின்றிக் கிடப்பானாயின், அந்த எண்ணை எப்படிக் கொண்டாடுவது?

இனி முடிவுக்கு வருவோம். 1998 பருவம் முடிந்தபோது சாண்டர்ஸின் மொத்தக் கணக்கு 15,269 கஜம். அதுவரை எவரும் ஓடாத அளவு ஓடியவர் சிகாகோ அணியின் வால்டர் பேட்டன். அவர் கணக்கு 16,726. இடைவெளி 1,457. சாண்டர்ஸ் அக்கடைசிப் பருவத்தில் மட்டும் ஓடியது 1,491. அன்பர்கள் கழித்துப் பார்க்கலாம். முந்திய ஆண்டைப் போல் இன்னும் ஓர் ஆண்டு ஓடினால் உலகிலேயே முதல்வர். காயமில்லை, தளர்ச்சியில்லை, வயது முப்பத்தொன்று. நாடே நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

1999 ஜூலை இறுதியில், பயிற்சி முகாம் தொடங்கும் வேளையில், தாம் பிறந்த ஊரின் ‘விச்சிட்டா ஈகிள்’ பத்திரிகைக்குச் சிறிய அறிக்கை ஒன்றை அனுப்பினார். ஆட்டத்தில் நீடிக்கும் விருப்பத்தினும் விலகும் விருப்பமே மிகுந்துவிட்டது என்பது அதன் சாரம். நிருபர் கூட்டமில்லை, பிரிவுபசார விழாவில்லை. அவர் லண்டனுக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தின்போது பெற்ற முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டி வந்தது. 2003-இல் வெளியான தம் நூலில் அவர் காரணம் கூறினார். நல்ல ஆட்டக்காரர்களை அணி ஒவ்வொருவராகப் போகவிட்டது. இவ்வணி வெல்லும் என்ற நம்பிக்கை தமக்கு அற்றுப்போயிற்று என்றார். பத்து ஆண்டுகளில் டெட்ராய்ட் இறுதிச் சுற்றுகளில் வென்றது ஒரே ஓர் ஆட்டம். அது 1992 ஜனவரியில் டாலஸ் அணியை வென்றது. அடுத்த வெற்றிக்கு அவ்வூரார் 2024 ஜனவரி வரை காத்திருந்தார்கள்.

இவ்வரலாற்றை மும்பைக்குத் திரும்பியபின் நண்பர்கள் சிலரிடம் கூறினோம். இருவகை மறுப்பு வந்தது. இரண்டும் எண்ணத்தக்கவையே.

முதல் மறுப்பு: ‘கோடி கோடியாகச் சம்பாதித்தவன் போதும் என்பதில் என்ன வியப்பு? வயிறு நிறைந்தவனுக்குப் பசி பற்றிப் பேச எளிது.’ இதில் உண்மை உண்டு. கடனும் கன்னியும் வீட்டில் இருக்கும்போது ஓட்டத்தை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஓடவேண்டியவர் ஓடத்தான் வேண்டும். ஆனால் 1989-இல் பத்துக் கஜத்தை வேண்டாமென்றபோது அவர் இருபத்தோரு வயது இளைஞர். பெயரெடுக்க வந்த முதல் ஆண்டு. பள்ளியில் ஒதுங்கி நின்றபோதோ கையில் ஒன்றுமில்லை. ஆகவே அக்குணம் செல்வத்தால் வந்ததன்று. எதற்காக ஓடுகிறோம் என்பதை அவர் முதலிலேயே முடிவு செய்துகொண்டிருந்தார். ஆட்டத்தை வெல்ல ஓடினார். ஏட்டை நிரப்ப ஓடவில்லை. வெல்லும் நம்பிக்கை போனபின் ஏட்டுக்காக மட்டும் ஓர் ஆண்டு ஓட அவருக்குக் கால் எழவில்லை.

இரண்டாம் மறுப்பு மிச்சிகன் முதியவருடையது. ‘எங்களிடம் சொல்லாமல் போய்விட்டார்.’ இதற்கு நம்மிடம் முழு விடையில்லை. பனியிலும் குளிரிலும் பத்து ஆண்டுகள் அவரைப் பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். அவரை நம்பி அவ்வாண்டுத் திட்டம் வகுத்த பயிற்சியாளர்களும் தோழர்களும் இருந்தார்கள். விலகுவது அவர் உரிமை. விலகும் முறையில் அவர்களுக்கும் பங்குண்டு. காலம் இதை ஒருவாறு ஆற்றியது. 2004-இல் அவர் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு நன்றி நாளில் அவருடைய 20 என்ற எண்ணுக்கு டெட்ராய்ட் அணி ஓய்வு தந்தது. 2023 செப்டம்பரில் ஆட்டரங்கின் வாயிலில் சிலையும் எழுந்தது. அவர் விட்டுச்சென்ற அந்த எண்ணோ யார் கையிலும் நிலைக்கவில்லை. 2002-இல் எம்மிட் ஸ்மித் பேட்டனை முந்தினார். 18,355 கஜத்தில் நின்றார். அதையும் ஒருநாள் ஒருவர் முந்தலாம்.

நண்பர்களுடன் இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது மனைவியார் காப்பி கொண்டுவந்தார். 1,457 கஜக் கணக்கை நாம் மூன்றாம் முறையாக விளக்கிக்கொண்டிருந்தோம். “இன்னும் ஒரே ஒரு வருஷம் ஓடினால் போதும்” என்று நாம் கூறியதைக் கேட்டவர், “அந்த ஒரு வருஷம் யாருடைய வருஷம்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

அவர் கேட்டதன் பொருள் நமக்குத் தெரியும். நாம் மும்பைக்கு வந்தது 1983-இல். அறுபது வயது நிறைந்தபின்னும் நிறுவனத்தார் அன்புடன் ஆண்டுதோறும் பணியை நீட்டித்து வந்தனர். மேலும் ஓர் ஆண்டுக்கான கடிதம் மேசையின் மேல் இருந்தது. மகள் வாழ்கிறாள், வீட்டுக் கடன் தீர்ந்தது. சேமிப்பு நாம் மனத்தில் வைத்திருந்த முழுத் தொகைக்குச் சற்றே குறைவு. அந்த ஓராண்டுச் சம்பளம் அதை நிரப்பிவிடும். அம்பாசமுத்திரத்தில் தாயார் இருக்கிறார், வயது எண்பத்தாறு. தொலைபேசியில் நலம் விசாரித்து முடித்ததும், “எப்பப்பா வருவே?” என்பார். “அடுத்த வருஷம், அம்மா” என்போம். முப்பது வயதில் சொன்ன ‘அடுத்த வருஷம்’ வேறு. எண்பத்தாறு வயதுக்காரரிடம் சொல்லும் ‘அடுத்த வருஷம்’ வேறு. நம் ஏட்டில் ஒரு தொகை முழுமை பெறும் அந்த ஆண்டு, அவர் ஏட்டிலிருந்து கழிக்கப்படும் ஆண்டு.

ஒன்றை அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். அந்த நீட்டிப்பை ஏற்கவில்லை. ஆனால் மிச்சிகன் முதியவரின் வாடிய முகத்தையும் நாம் மறக்கவில்லை. மூன்று மாதம் முன்னதாகவே நிறுவனத்தாருக்கு எழுதிக்கொடுத்தோம். நம் இடத்துக்கு வரும் இளைஞரைப் பக்கத்தில் அமர்த்தி ஒவ்வோர் ஏடாக விளக்கி வருகிறோம். சங்கத்தின் கணக்குகளையும் செயற்குழுவிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்துள்ளோம். தைப் பிறப்பை ஊரில் காண எண்ணம். இவ்வளவு காலம் உடன்வாழ்ந்த குடும்பங்களிடம் சொல்லாமல் போகும் வழக்கம் நமக்கு வேண்டாம். இக்கட்டுரையே அதற்கும் ஆகட்டும்.

இளங்குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஊரைவிட்டு வந்தது எதற்காக என்பதைக் கணவனும் மனைவியும் ஒருநாள் அமர்ந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். எவ்வளவு வந்தால் போதும் என்பதையும் அதனடியில் எழுதுங்கள். தொகை தொலைவில் இருக்கும்போதே எழுதவேண்டும். பத்துக் கஜத்துக்கு அருகில் வந்தபின் எழுத உட்கார்ந்தால் கை நடுங்கும். எழுதிய அளவை எட்டும்வரை ஓடுங்கள். விழுந்தாலும் எழுந்து ஓடுங்கள். எட்டிய அன்று பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு, உடன் ஆடியவர்களிடம் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள்.